க்ரீம் பாஸ்தா சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அரை மணி நேரத்தில் முடிகிற சமையல் இது. அதனாலேயே கெட்டாலும் சட்டென்று கெட்டுவிடும். பால் திரிய அரை நிமிடம் போதும், பூண்டு கருகப் பத்து விநாடி போதும். காய்கறி போட்டு, க்ரீம் போன்ற வெள்ளை சாஸில், நாக்கைச் சுடாத இளங்காரத்தோடு செய்யும் பாஸ்தாவில் வழக்கமாக வரும் கோளாறுகள், அடுப்பில் எப்படித் தெரியுமோ அப்படியே தலைப்பாகக் கீழே இருக்கின்றன. உங்கள் வாணலியில் தெரிவது எதுவோ நேராக அங்கே போகலாம். ஆனால் அளவையும் வரிசையையும் முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிக் கோளாறுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும்.

## அளவும் வரிசையும்

இரண்டு மூன்று பேருக்கு: பென்னே (குழாய் வடிவம்) அல்லது ஃபுஸில்லி (முறுக்கு வடிவம்) 200 கிராம், வேகவைக்கத் தண்ணீர் 2 லிட்டர், அதற்குத் தூள் உப்பு 1 மேசைக்கரண்டி (சுமார் 18 கிராம்). காய்கள் நறுக்கிய பின் 250 கிராம், வதக்க எண்ணெய் 1 மேசைக்கரண்டி. சாஸுக்கு வெண்ணெய் 30 கிராம், மைதா தலைதட்டி 2 மேசைக்கரண்டி, பால் 500 மில்லி, சுண்ட வதக்கிய தக்காளி விழுது 3 மேசைக்கரண்டி, பூண்டு 4 பல், சில்லி ஃப்ளேக்ஸ் முக்கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, ஆரிகானோ அரை தேக்கரண்டி, துருவிய சீஸ் 50 கிராம். க்ரீம் இருந்தால் 3 மேசைக்கரண்டி. இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

வரிசை இப்படி. தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் காய் நறுக்க ஆரம்பிக்க வேண்டும். காயை வதக்கித் தட்டில் எடுத்து வையுங்கள். அதே வாணலியில் வெண்ணெய், பூண்டு, மிளகாய், மைதா, பால் என்று சாஸ் தொடங்கட்டும். பால் முழுவதும் உள்ளே போன பிறகு பாஸ்தாவைக் கொதிநீரில் போடுங்கள். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: பாஸ்தாவை முதலில் வேகவைத்து, வடித்து, மூடி வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாக சாஸுக்கு வருவார்கள். சாஸ் பத்து நிமிடம் காத்திருந்தால் கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான், பால் விட்டால் பழைய பதத்துக்கு வந்துவிடும். பாஸ்தா பத்து நிமிடம் காத்திருந்தால் எதை விட்டாலும் பழைய பதம் வராது. கீழே வரும் கோளாறுகளில் நாலைந்து இந்த ஒரு தவறிலிருந்து கிளைத்தவைதான்.

## பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது

ஒட்டுவது முதல் இரண்டு நிமிடத்தில். தண்ணீரில் விழுந்ததும் ஒவ்வொரு துண்டின் மேல்புறத்திலும் உள்ள மாவுச்சத்து ஈரத்தை இழுத்துப் பசையாகும். அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு துண்டு அசையாமல் கிடந்தால் இரண்டும் சேர்ந்தே வேகும். எனவே போட்டவுடன் ஒரு கிளறு, முப்பது விநாடி கழித்து இன்னொன்று, இரண்டாம் நிமிடத்தில் மற்றொன்று. அதன் பிறகு எப்போதாவது கிளறினால் போதும். தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் வெறும் சூடாக இருக்கும்போது போட்டாலும், 200 கிராமுக்கு ஒரு லிட்டர்கூட இல்லாத சின்னப் பாத்திரத்தில் கிளறாமல் விட்டாலும் இதே கதைதான்.

தண்ணீரில் எண்ணெய் விட்டால் ஒட்டாது என்பார்கள். எண்ணெய் தண்ணீரின் மேலே மிதக்கும், பாஸ்தா கீழே கிடக்கும், இரண்டும் சந்திப்பதே வடிக்கும்போதுதான். நுரை பொங்கி வழிவதைக் கொஞ்சம் தடுக்கும் என்பதைத் தவிர அதனால் பயன் இல்லை. வடிக்கும்போது துண்டுகள் மேல் பூசிக்கொண்டு, சாஸை ஒட்டவிடாமல் செய்வதுதான் மிச்சம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? வடிதட்டோடு கொதிநீரில் இருபது விநாடி முக்கி, முள்கரண்டியால் மெல்லப் பிரியுங்கள். கையால் இழுத்தால் கிழியும்.

## குழைந்துவிட்டது, அல்லது வெளியே குழைவும் நடுவே பச்சையுமாக இருக்கிறது

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். துரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்தது என்றால் அதன் புரதம் வலை போலப் பின்னி மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஓரிரு நிமிடம் கூடினாலும் தாங்கும். மைதாவில் செய்த பாஸ்தாவுக்கு அந்தப் பிடிமானம் குறைவு. பதம் வந்த அடுத்த நிமிடமே குழைய ஆரம்பிக்கும். அதைச் செய்வதானால் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் கழித்துக்கொண்டு, அந்த நேரம் வந்ததும் ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பென்னே என்றால் குழாயின் வெட்டுமுகத்தில் சுவரின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். கோடு தடிமனாக, மாவு மாவாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். நூல் போல மெலிந்து, கடித்தால் லேசாகத் தடுக்கிறது என்றால் வடிக்கலாம். கோடே இல்லையென்றால் ஏற்கெனவே தாமதம், சாஸில் வேகவைக்கும் வேலையை விட்டுவிட்டு வெறுமனே கலந்து இறக்க வேண்டியதுதான்.

வெளியே குழைந்து உள்ளே பச்சையாக இருந்தால், பாஸ்தா கொதிக்காத தண்ணீரில் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். மலைப்பகுதியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்பதால் பாக்கெட் நேரத்தை நம்ப வேண்டாம், வெட்டிப் பார்ப்பதை நம்புங்கள்.

குழைந்ததைத் திரும்ப விறைப்பாக்க வழி இல்லை. ஆனால் வீணாக்க வேண்டாம். சாஸோடு கலந்து, மேலே சீஸ் தூவி, 200 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்தால் மேல்புறம் மொறுமொறுப்பாகி, உள்ளே குழைந்திருப்பது குறையாகத் தெரியாது.

## சாஸில் கட்டி தட்டுகிறது

வெள்ளை சாஸின் பெரும்பகுதிப் பயமே இதுதான். கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே உலர்ந்த மாவு இருக்கும். சூடான பால் பட்ட கணத்தில் மாவுருண்டையின் வெளிப்புறம் வெந்து தோல் கட்டிவிடுகிறது. அந்தத் தோலைத் தாண்டி ஈரம் உள்ளே போக முடியவில்லை. அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றே: மாவுத் துகள்கள் பாலைப் பார்க்கும் முன்னே ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். வெண்ணெயில் வறுப்பது அதற்குத்தான்.

வெண்ணெய் உருகி நுரைக்கும்போது தீயைச் சிறிதாக்கி மைதாவைப் போடுங்கள். முதலில் கனமான பசை போல வரும். தொடர்ந்து கிளறினால் ஒரு நிமிடத்தில் இளகி, ஈர மணல் போலாகி, ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழி விட ஆரம்பிக்கும். அந்தக் குமிழிகள் தெரிந்த பிறகுதான் பால். கிளறினால் மாவு உருண்டு உலர்ந்து திரிகிறது என்றால் வெண்ணெய் போதவில்லை, ஒரு தேக்கரண்டி சேருங்கள்.

பால் அறைச் சூட்டில், அல்லது குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, முதல் தவணையாகக் கால் கப்புக்கு மேல் விடாதீர்கள். விட்டதும் பயமுறுத்தும்படி இறுகி உருண்டையாகும். அதுதான் சரியான அடையாளம். அந்த உருண்டையை விஸ்கால் (கம்பி மத்தால்) அடித்து வழுவழுப்பான களிம்பாக்குங்கள். அடுத்த கால் கப், மறுபடி அடித்துக் களிம்பு. மூன்றாவது தவணையில் ஓட ஆரம்பித்துவிடும். பிறகு மீதிப் பாலை ஒரேயடியாகக் கொட்டலாம். கட்டி தட்டுவதெல்லாம் முதல் அரை கப்பில்தான், கடைசி அரை கப்பில் இல்லை. அவசரப்படுகிறவர்கள் சரியாக அந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

கட்டி விழுந்துவிட்டால்: அடுப்பை அணைத்துவிட்டு விஸ்கால் ஒரு நிமிடம் அடியுங்கள். போகவில்லையென்றால் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். காய் சேர்க்கும் முன் என்றால் மிக்ஸியிலும் ஓட்டலாம். சூடான சாஸை மூடிய ஜாரில் சுழற்றினால் ஆவி மூடியைத் தூக்கி எறியும் என்பதால் ஆறவிட்டு, பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல் செய்யுங்கள். இன்னும் மாவு சேர்த்துச் சரிசெய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

## மாவு வாசனை அடிக்கிறது

மைதாவை இரண்டு நிமிடம் வறுக்கவில்லை, அல்லது பால் விட்ட பிறகு கொதி வரவில்லை. இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டி ஊத ஆரம்பித்தாலும், முழுதாக வெந்து கெட்டிப்படக் கொதிநிலையை நெருங்க வேண்டும். சாஸ் பார்வைக்குக் கெட்டியாகிவிட்டது என்று கொதிக்கும் முன்பே இறக்கினால் நாக்கில் மாவு நெரநெரக்கும். நடுவிலும் பொளக் பொளக்கென்று குமிழி வெடிக்கும் வரை விட்டு, அதன் பின் சிறு தீயில் இன்னும் மூன்று நிமிடம். ஏற்கெனவே எல்லாம் கலந்தாகிவிட்டது என்றால் கால் கப் பால் விட்டு, மூடாமல், சிறு தீயில் கிளறியபடி நான்கு நிமிடம் வையுங்கள். வாசனை போய்விடும், பாஸ்தா மட்டும் ஒரு பதம் கூடிவிடும்.

## சாஸ் பிசிறு பிசிறாகத் திரிந்துவிட்டது

இளங்கார சாஸுக்குத் தக்காளி சேர்க்கும்போது வரும் வினை. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் புளிப்பைக் கண்டால் திரளும், சூடு இருந்தால் இன்னும் வேகமாகத் திரளும். கொதிக்கும் பாலில் வதக்காத தக்காளி விழுதைக் கொட்டுவது இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பது.

தடுக்க மூன்று காரியம். தக்காளியைத் தனியாக எண்ணெயில், எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை சுண்ட வதக்குங்கள். நீர் வற்றி விழுது கொஞ்சமாகிவிடும், பச்சை வாசனையும் போகும். இரண்டாவது, மாவு வெந்து கெட்டிப்பட்ட சாஸில்தான் அதைச் சேர்க்க வேண்டும். வெந்த மாவுச்சத்து புரதத் துகள்களுக்கு நடுவே புகுந்து அவை ஒன்று சேராமல் தள்ளி வைக்கும். வெறும் பாலில் சேர்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது, சேர்க்கும்போது அடுப்பு அணைந்திருக்கட்டும். ஒரு மேசைக்கரண்டி சாஸைத் தக்காளியில் விட்டுக் கலந்து, பிறகு அந்தக் கலவையை வாணலியில் ஊற்றுங்கள்.

தக்காளி ரொம்பப் புளித்தால், வதங்கும்போதே ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். சொரசொரவென்று நுரைத்து அடங்கும், புளிப்பு மட்டுப்படும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு ருசி வரும். எலுமிச்சைச் சாறு பிழிவதாக இருந்தால் அதைத் தட்டில் வைத்துக்கொள்ளலாம், வாணலியில் வேண்டாம்.

கொழுப்பு நீக்கிய பால் சீக்கிரம் திரியும். முழுக்கொழுப்புப் பால் தாங்கும். க்ரீமில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு என்பதால் அது இன்னும் தாங்கும். தயிர் கலந்து க்ரீமித்தன்மை கொண்டுவர நினைப்பவர்கள், அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டுச் சேர்த்தால் தப்பிக்கலாம்.

திரிந்த பிறகு அதை மீண்டும் பாலாக்க முடியாது. வழுவழுப்பாக்கலாம். ஒரு தேக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் கரைத்து, திரிந்த சாஸோடு மிக்ஸியில் ஓட்டி, சிறு தீயில் ஒரு கொதி விடுங்கள். பார்வைக்குத் தெரியாது, நாக்குக்கும் பெரும்பாலும் தெரியாது.

## சீஸ் உருகாமல் உருண்டையாகிறது, நூலாக இழுக்கிறது

சூடு கூடியதுதான் காரணம். கொதிக்கும் சாஸில் விழுந்த சீஸின் புரதம் சுருங்கிக்கொண்டு கொழுப்பை வெளியே பிழிந்துவிடும். கையில் ரப்பர், மேலே எண்ணெய். அடுப்பை அணைத்து, குமிழி அடங்கியதும், மெல்லியதாகத் துருவிய சீஸை மூன்று தவணையாகத் தூவுங்கள். சாஸின் சூடே உருக்கிவிடும்.

பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாத உப்புகள் சேர்ந்திருப்பதால் அது முரட்டுச் சூட்டையும் பொறுக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுவே வசதி. மொசரெல்லாவின் இயல்பே நூலாக இழுப்பது. பீட்சாவுக்கு அது அழகு, இந்த சாஸுக்குத் தொல்லை. அது மட்டுமே கையில் இருந்தால் சாஸில் போடாமல் மேலே தூவிக்கொள்ளுங்கள்.

## எண்ணெய் பிரிந்து மேலே மினுமினுக்கிறது

வெண்ணெய் அளவு தாண்டியிருக்கும், இல்லையென்றால் சாஸ் அளவுக்கு மீறிச் சுண்டியிருக்கும். பாஸ்தா வெந்த தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி விட்டு, அடுப்பை அணைத்து, வேகமாக அடியுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து கொழுப்பைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காகவே வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீர் எடுத்து வைப்பது. வடித்து ஊற்றிய பிறகு நினைவு வந்து பயனில்லை என்பதால், பாஸ்தாவைப் போடும்போதே அடுப்பருகே ஒரு கப்பை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

## சாஸ் தண்ணீராக ஓடுகிறது

அவசரப்பட்டு மாவு சேர்க்கும் முன் ஒரு சோதனை. கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்து, பின்புறத்தில் விரலால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். கோடு கலையாமல் நின்றால் சாஸ் சரியாகத்தான் இருக்கிறது, பார்வைக்குத்தான் ஓடுகிறது. பாஸ்தா சேர்ந்ததும் கெட்டியாகிவிடும். கோட்டின் இருபுறமும் வழிந்து மூடிக்கொண்டால்தான் உண்மையிலேயே நீர்த்திருக்கிறது.

நீர்த்ததற்குக் காரணம் பெரும்பாலும் காய். காளானும் குடைமிளகாயும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சுக்கினி அதற்கும் மேல். வதக்காமல் சாஸில் போட்டால் அத்தனையும் அங்கேதான் வடியும். மூடாமல் நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுப் பாருங்கள். போதவில்லையென்றால் சோளமாவு ஒரு தேக்கரண்டியை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். உலர் மாவைத் தூவினால் மறுபடி கட்டி.

## அடுப்பில் நன்றாக இருந்தது, தட்டில் போட்டதும் இறுகிவிட்டது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. மூன்று விஷயம் ஒரே சமயத்தில் நடக்கிறது: பாஸ்தா சாஸிலிருந்து நீரைத் தொடர்ந்து உறிஞ்சுகிறது, ஆறும்போது வெந்த மாவுச்சத்து இறுகுகிறது, சீஸும் இறுகுகிறது. வாணலியில் பார்க்கும்போதே சரியாக இருந்த சாஸ், சாப்பிட உட்காரும்போது களிம்பாவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆக, அடுப்பில் இருக்கும்போது சாஸ் சற்றுத் தளர்வாகவே தோன்ற வேண்டும். எவ்வளவு தளர்வு? வாணலியைச் சாய்த்தால் பாஸ்தாவை விட்டுப் பிரிந்து ஒரு மேசைக்கரண்டி அளவுக்குச் சாஸ் ஓரத்தில் வந்து தேங்க வேண்டும். தேங்காமல் பாஸ்தாவோடு ஒட்டியே நின்றால் தட்டில் இறுகும், நிச்சயம். எடுத்து வைத்த தண்ணீரை இரண்டு இரண்டு மேசைக்கரண்டியாக விட்டுக் கிளறி, அந்தப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். விடுவது எதுவானாலும் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த பால் பட்டால் சீஸ் திரளும்.

இன்னொன்று: வேகாத பாஸ்தா அதிகம் உறிஞ்சும். நடுவில் தடித்த வெள்ளைக் கோட்டோடு சாஸுக்கு வந்த பாஸ்தா, தன் மீதி வேக்காட்டுக்கு வேண்டிய நீரைச் சாஸிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கெட்டிச் சாஸில் வேகவும் நேரமாகும். சாப்பிடுகிறவர்கள் வர நேரமாகும் என்றால் சாஸை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, அவர்கள் வந்த பிறகு பாஸ்தாவைக் கொதிநீரில் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

## பாஸ்தா தனி, சாஸ் தனி

வெந்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசினால் மேலே இருந்த பசைத்தன்மை முழுவதும் போய்விடும். பிறகு சாஸ் வழுக்கிக்கொண்டு தட்டின் அடியில் தேங்கும். எண்ணெய் தடவி வைத்தாலும் அப்படித்தான். சூடான சாலட்டுக்குக்கூட அலசத் தேவையில்லை, ஆறவைத்துச் செய்யும் சாலட்டுக்கு மட்டும் அலசலாம். வடித்ததும் நேராகச் சாஸுக்குள் போட்டு, நடுத்தரத் தீயில் ஒன்றரை நிமிடம் புரட்டுங்கள். வடிவமும் முக்கியம்: வரி போட்ட பென்னே, முறுக்கிய ஃபுஸில்லி இரண்டும் இந்தச் சாஸைப் பிடித்து வைக்கும். வழுவழுப்பான குழாய் கைவிடும்.

## காய் வதங்கிச் சொதசொதப்பாகிவிட்டது, அல்லது நறுக்கென்று பச்சையாகவே இருக்கிறது

எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டினால் இரண்டும் ஒரே தட்டில் கிடைக்கும். கேரட்டை மெல்லிய வில்லைகளாக முதலில், மூன்று நிமிடம். பிறகு குடைமிளகாய், ஒன்றரை நிமிடம், பெரிய தீயில். காளானைத் தனியாகச் செய்யுங்கள்: அகலமான வாணலி, ஒரே அடுக்கு, உப்பு போடாமல். முதலில் நீர் விட்டுக் கொதிக்கும், அப்புறம் நீர் வற்றும், அதற்குப் பிறகுதான் சிவக்க ஆரம்பிக்கும். மொத்தம் ஆறு முதல் எட்டு நிமிடம். நீர் விட்ட கட்டத்தில் பொறுமையிழந்து எடுப்பவர்களுடைய சாஸ்தான் சாம்பல் நிறமாகவும் நீர்த்தும் போகிறது. சிவந்த பிறகு உப்பு.

ப்ரோக்கோலிக்குத் தனிப் பாத்திரம் தேவையில்லை. பாஸ்தா வடிக்க ஒன்றரை நிமிடம் இருக்கும்போது அதே கொதிநீரில் போட்டு, சேர்த்தே வடித்துவிடுங்கள். பச்சைப்பசேலென்று இருக்கும். அதைச் சாஸில் நெடுநேரம் கொதிக்கவிட்டால், சூடும் தக்காளியின் புளிப்பும் சேர்ந்து பச்சையத்திலிருக்கும் மக்னீசியத்தைப் பிடுங்கிவிடும், நிறம் மங்கிய பழுப்புப் பச்சையாகும். உறைந்த பட்டாணி, ஸ்வீட் கார்ன் இரண்டும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு. கீரை சேர்த்தால் வதக்கிப் பிழிந்து சேருங்கள்.

## காரம் ஏறவே இல்லை, அல்லது ஏறிவிட்டது, அல்லது கசக்கிறது

மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. மேலும் பாலின் கேசின் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முடிந்த சாஸில் ஃப்ளேக்ஸைத் தூவிக் கலக்கினால் அங்கங்கே சுரீரென்று கடிபடும், சாஸ் மொத்தமும் சப்பென்று இருக்கும். வெண்ணெய் உருகியதும், சிறு தீயில், பூண்டு வெளிர்பொன்னாகத் திரும்பும் சமயம் ஃப்ளேக்ஸைப் போட்டு இருபது விநாடி. வெண்ணெய் லேசாகச் செம்மஞ்சள் நிறமாகும். உடனே மைதாவைக் கொட்டிச் சூட்டை இறக்குங்கள். இப்படிச் செய்தால் முக்கால் தேக்கரண்டியே ஒரே சீரான இளங்காரம் தரும். மிளகுத்தூள் கடைசியில்தான், அதன் மணம் கொதியில் பறந்துவிடும்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் விடாதீர்கள், பதம் கெடுமே தவிர காரம் தணியாது. க்ரீம், பால், சீஸ் எது இருந்தாலும் உதவும். ரொம்ப ஏறிவிட்டது என்றால் வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, மைதா 1 மேசைக்கரண்டி, பால் 250 மில்லியில் மிளகாயே இல்லாத சாஸ் ஒன்று தனியாகச் செய்து கலந்துவிடுவதே நேரான வழி.

கசப்பு என்றால் மூன்றில் ஒன்று: பூண்டு பழுப்பாகிவிட்டது, மிளகாய் கருகிவிட்டது, ஆரிகானோ அளவு மீறிவிட்டது. முதல் இரண்டுக்கும் மருந்து இல்லை. மைதா போடும் முன் தெரிந்தால் வெண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள், நட்டம் 30 கிராம்தான். ஆரிகானோவை அரை தேக்கரண்டியோடு நிறுத்தி, உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் அந்த அளவே மணக்கும்.

## எல்லாம் சரி, ருசி மட்டும் சப்பென்று

பாஸ்தா வெந்த தண்ணீரில் உப்பு இல்லை. வெந்த பிறகு சாஸில் எவ்வளவு உப்புப் போட்டாலும் அது பாஸ்தாவைச் சுற்றித்தான் நிற்கும், உள்ளே போகாது. அடுத்த முறைதான் திருத்த முடியும். இப்போதைக்குச் சாஸில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து, அரைக்கால் தேக்கரண்டிக்கும் குறைவாக ஜாதிக்காயைத் துருவிப் போடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எடுத்து வைத்த தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதை மறந்துவிடுவோம். அரை கப்பில் கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு இருக்கும், சீஸிலும் இருக்கும். சாஸுக்கான உப்பை அந்த இரண்டும் சேர்ந்த பிறகு ருசி பார்த்துப் போடுங்கள்.

## அடிபிடித்த வாசம்

மெல்லிய பாத்திரத்தில் பால் அடியில் படிந்து கருகும். வாசம் வந்ததும் கரண்டியை வெளியே எடுங்கள். சுரண்டினால் கருகல் முழுவதும் சாஸில் ஏறிவிடும். மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்து, ருசி பாருங்கள். பெரும்பாலும் பிழைத்திருக்கும். அடுத்த முறைக்கு அடிகனமான வாணலி, தட்டையான மரக்கரண்டி.

## மறுநாள் சூடாக்கினால் எண்ணெய்யும் கட்டியுமாக இருக்கிறது

ஒரு ஆளுக்கு உள்ள பாஸ்தாவுக்கு மூன்று மேசைக்கரண்டி பால் விட்டு, மூடி, மிகச் சிறு தீயில் நான்கு நிமிடம். இரண்டு முறை மட்டும் புரட்டுங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதி பவரில், நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி. ஃப்ரீசரில் வைக்க இது ஏற்றதல்ல, மாவு சாஸ் உருகும்போது நீர் விட்டுப் பிரியும். மீந்து போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கலக்கும் முன்பே சாஸில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வைத்து, மறுநாள் புதிதாகப் பாஸ்தா வேகவைத்துக்கொள்ளலாம்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாளில் முடித்துவிடுங்கள். வெளியே கிடக்கும் வெந்த பாஸ்தாவில் வளரும் ஒருவகைக் கிருமி விட்டுவைக்கும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. இரவு முழுக்க மேசையில் இருந்த பாத்திரத்தை மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.